மூச்சு விடும் வாளி

"உங்க மச்சான்தான் முட்டையைத் திருடினார்னு நீங்க நம்புறீங்களா, ஓல்மன்?"

படகு ஒரு அலையில் ஏறித் தொப்பென்று விழுந்தது. என் வயிறும் கூடவே விழுந்தது. எதிர்ப் பலகையில் தோன்யா சுலாய் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து, மாங்காய்க் கீற்றை உப்பில் தொட்டுக் கடித்துக்கொண்டிருந்தார்.

"சேச்சே! நம்பவே இல்ல."

"ஏன்?"

"நம்பினேன்னு தெரிஞ்சா எங்க அக்கா என்னைத் தொலைச்சிடும்."

"அது காரணம் இல்ல. பயம்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் தோன்யா."

அவர் சிரிக்கவில்லை. வாழ்நாளெல்லாம் பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் எதற்குச் சிரிப்பார்? ஆளின் முகத்தைப் பார்த்தே டிக்கெட் எடுத்தவனா எடுக்காதவனா என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்றதும் அதே முகத்தோடு துப்பறிய ஆரம்பித்துவிட்டார். காணாமல் போனது மாடோ, படகு மோட்டாரோ, புருஷனோ, ஹிமெனெஸ் ஊரில் எல்லோரும் அவர் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். நான் அவருடைய உதவியாளன். மோட்டார் சைக்கிள் ஓட்டுவது, மாங்காய் வாங்குவது, பேசக் கூடாத நேரத்தில் பேசுவது எல்லாம் என் பொறுப்பு. முட்டாள் என்று அவர் என்னைத் திட்டும்போதுகூட 'நீங்க' போட்டுத்தான் திட்டுவார். எங்கள் நாட்டில் நாய்க்கும் 'நீங்க'தான். மரியாதைக்குரிய பெண்களுக்கு, 'அம்மா' என்பதுபோல, பெயருக்கு முன்னால் 'தோன்யா'வும் உண்டு.

இந்த முறை காணாமல் போனது முட்டை. அதுவும் ஏழுவரி ஆமையின் முட்டை. ஓடு இருக்க வேண்டிய இடத்தில் தோலும், அந்தத் தோலில் ஏழு வரியுமாக, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைவிடப் பெரிய பிராணி அது. எங்கள் கரைக்கு அது வந்தே பல வருடமாகிறது. இனி வரவே வராது என்று எல்லோரும் கைகழுவிவிட்ட நேரத்தில், இரண்டு மாதம் முன்னால் ஒன்று வந்தது. காட்டை ஒட்டிய கடற்கரையில் தோன்யா யோர்லேனி நடத்தும் கூடார முகாமுக்குப் பக்கத்தில் முட்டையிட்டுவிட்டுப் போனது. அலை அடித்துக்கொண்டு போகும் இடம் என்பதால், முகாமின் வழிகாட்டி அன்றைக்கே முட்டைகளை எடுத்து மேட்டு மணலில் புதைத்து வைத்தார். அந்த வழிகாட்டிதான் எலியேசர், என் அக்கா புருஷன்.

இன்று காலை யோர்லேனி ரேடியோவில் அழுதார். குழி காலி. எலியேசரையும் காணவில்லை.

மச்சானுக்கு ஒரு பழைய கதை உண்டு. வாலிப வயதில் ஆமை முட்டை எடுத்து மதுக்கடைகளுக்கு விற்றவர். அக்காவைக் கட்டிய பிறகு அதைத் தலைமுழுகினார். வழிகாட்டித் தேர்வில் இரண்டு தடவை கோட்டைவிட்டு மூன்றாம் தடவை தேறி, அந்த அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியவர், குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை. இப்போது வனக்காவலர்கள் 'திருட்டு' என்று முடிவு கட்டினால் அட்டை போகும், வழக்கு வரும், இந்தக் காட்டில் மறுபடி கால் வைக்க முடியாது. காட்டைத் தவிர அவருக்கு வேறு பிழைப்பும் தெரியாது.

எனக்குள்ளேயும் சந்தேகம் இருந்தது. படகு கரையை நெருங்க நெருங்க அது வளர்ந்துகொண்டே போனது. அதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருந்தது.

படகுத்துறை எதுவும் கிடையாது. அலை பின்வாங்கும் நேரம் பார்த்துக் குதிக்க வேண்டும். தோன்யா சுலாய் ரப்பர் பூட்ஸோடு பஸ்ஸிலிருந்து இறங்குவதுபோல் இறங்கினார். நான் குதித்தபோது அலை திரும்பி வந்துவிட்டது.

"வாங்க தோன்யா சுலாய்! என் நிலைமையைப் பார்த்தீங்களா?" என்று யோர்லேனி ஓடி வந்தார். நாற்பது வயதிருக்கும். எரேதியா நகரத்தில் அழகு நிலையம் நடத்திக்கொண்டிருந்தவர். காட்டு ஆசை பிடித்து, மூன்று வருடம் முன்னால் இந்த முகாமை வாங்கினார். கண் அழுது சிவந்திருந்தது. நடிப்பு இல்லை, நிஜ அழுகை.

கூடாரங்களுக்கு முன்னால், கழுத்தில் பைனாகுலரோடு ஒரு பட்டாளமே நின்றது. கார்த்தாகோ நகரத்திலிருந்து வந்திருந்த ஓய்வு பெற்ற ஆசிரியைகள்.

"ஏழுவரி ஆமைக் குஞ்சு நிச்சயம்னு சொல்லித்தான் எங்களைக் கூப்பிட்டாங்க. நாளைக்குக் கிளம்பறோம். இதுவரைக்கும் பார்த்தது டேப்பிர்ங்கற காட்டு மிருகம் போட்ட சாணி மட்டும்தான்" என்றார் அவர்களில் உயரமானவர்.

"புதுச் சாணி!" என்றார் யோர்லேனி பரிதாபமாக.

"இடம் யார் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார் தோன்யா சுலாய்.

"அவருக்கும் எனக்கும்தான். 'வாதாம் மரத்திலேருந்து ஆத்துமுகத்துப் பக்கமா இருபத்தஞ்சு வாரா'ன்னு அன்னிக்கே சொன்னார். அடையாளத்துக்குக் கம்பு நட்டா திருடனுக்கு நாமளே வழி காட்டின மாதிரி ஆயிடும், யாரும் அங்க போயி நிக்கவும் கூடாதுன்னு அவர்தான் கட்டளை போட்டார். நானும் போகல. குஞ்சு வர்ற வாரமாச்சேன்னு இன்னிக்கு விடியகாலைல மனசு கேக்காம போனேன். தோண்டிப் போட்டிருக்கு! நேத்து சாயந்திரத்திலேருந்து எலியேசரையும் காணோம். சொல்லிக்கல, கொள்ளல. நான் வேற என்னன்னு நினைக்கிறது? அதான் வனக்காவலுக்கும் சொல்லிட்டேன்."

முகாமுக்கு எதிரிலேயே அந்த வாதாம் மரம் நின்றது. நல்ல பெரிய மரம். மேலே சிவப்புப் பஞ்சவர்ணக் கிளிகள் பத்துப் பன்னிரண்டு உட்கார்ந்து, வாதாங்காயைக் கொரித்துத் தோலை எங்கள் தலையில் துப்பிக்கொண்டிருந்தன. யோர்லேனி ஆசிரியைகளைச் சமாதானப்படுத்தப் போய்விட்டார்.

வாரா என்பது எங்கள் ஊர் நீள அளவு, ஒரு பெரிய எட்டு. மரத்திலிருந்து ஆற்றுமுகத்துப் பக்கமாக, ஒரு எட்டுக்கு ஒரு வாரா என்று எண்ணிக்கொண்டு போனேன். எண்ணி முடிவதற்கு முன்பே குழி வந்துவிட்டது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதற்கப்பால் இன்னும் சில. கோழி கிளறிய குப்பை மாதிரி இருந்தது அந்த இடம்.

"முட்டை திருடறவங்க எப்படித் தேடுவாங்க, ஓல்மன்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"அந்தக் குடும்பத்துக்குப் பொண்ணு குடுத்தவங்க நீங்க."

"கம்பியால குத்திப் பார்ப்பாங்க. மணல் முறைச்சா முட்டை இல்ல. பொசுக்குன்னு உள்ள போனா இருக்கு. அப்புறம்தான் தோண்டுவாங்க."

"இங்க குத்தின தடம் இருக்கா?"

குனிந்து பார்த்தேன். எங்கேயும் இல்லை. எல்லாம் கையால் பறித்த குழிகள்.

"அப்ப இது தொழில் தெரியாத ஆள்" என்றார். "அதுவும் தவிர, தானே புதைச்சு வெச்ச முட்டையை எடுக்க வர்றவர் எதுக்கு இத்தனை இடத்துல தோண்டணும்? உங்க மச்சானுக்கு என்ன ஞாபக மறதியா?"

"கல்யாண நாளை மறந்திருக்கார்."

"அதை எல்லா ஆம்பளைங்களும் மறப்பாங்க."

எனக்குள் எதுவோ கொஞ்சம் லேசானது. அந்தச் சந்தோஷத்தில் நிமிர்ந்தபோது, பறந்துபோன கிளி ஒன்று நழுவவிட்ட வாதாங்காய் என் நெற்றியில் வந்து விழுந்தது. பின்னால் நகர்ந்தேன். கால் புதருக்குள் போய் எதிலோ மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தால் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் வாளி.

"துப்பு கிடைச்சிருச்சு தோன்யா! காலாலேயே கண்டுபிடிச்சேன்!"

"மூளையால கண்டுபிடிக்கிறதைவிட உங்களுக்கு அது சுலபம்தானே. குடுங்க."

வாளிக்குள் ஈர மணல் ஒரு கை உயரத்துக்கு இருந்தது. அதன்மேல் நனைத்த துணி மடித்து வைத்திருந்தது. வினிகர் வாடை மூக்கைத் துளைத்தது. பக்கத்திலேயே மூடி கிடந்தது. தோன்யா சுலாய் அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். மூடி முழுக்க ஓட்டை. சின்னச் சின்னதாக, பொறுமையாகக் குத்திய ஓட்டைகள். அவருடைய முகத்தில் வெயில் புள்ளி புள்ளியாக விழுந்தது.

"ஓல்மன், நீங்க முட்டையைத் திருடி மதுக்கடைக்கு விக்கப் போறீங்கன்னு வெச்சுக்குங்க. மூடியில ஓட்டை போடுவீங்களா?"

"எதுக்கு? முட்டை என்ன மூச்சா விடப்..."

அங்கேயே நிறுத்திவிட்டேன்.

"விடாது. குஞ்சு விடும்" என்றார் அவர். "தோண்டினவங்களுக்கு வேண்டியது முட்டை இல்ல. உயிரோட குஞ்சு. செத்துப் போயிடக் கூடாதுன்னு அக்கறையா ஓட்டை போட்டு, ஈர மணல் போட்டு, துணியும் நனைச்சு வெச்சிருக்காங்க. இவ்வளவு பாசமுள்ள திருடரை நான் பார்த்ததே இல்ல. வாளியை இருந்த இடத்திலேயே வைங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

சாப்பாட்டுக் கொட்டகையில் உட்காரும்போது ரேடியோ கரகரத்தது. வனக்காவலர் தகோபெர்த்தோவின் குரல்.

"ஆள் கிடைச்சாச்சு. ஹிமெனெஸ் துறையில படகு ஏற நின்னார். அட்டையை வாங்கி வெச்சுட்டேன். என்ன கேட்டாலும் வாயையே திறக்க மாட்டேங்கறார். தலையை மட்டும் ஆட்டறார். கடல் ஏத்தத்தோட அங்க கூட்டிட்டு வர்றேன், இடத்தைக் காட்டட்டும்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. நிரபராதி என்றால் வாயைத் திறந்து கத்த வேண்டியதுதானே? என் அக்காவை நினைத்துக்கொண்டேன். அது இந்நேரம் நெக்ரீத்தா மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருக்கும். பெட்டி பெட்டியாக ஏற்றியிருக்கும்.

தோன்யா சுலாய்க்கு அந்தக் கவலையே இல்லை. பீன்ஸ் சோற்றையும் பொரித்த மீனையும் ஒரு பிடி பிடித்தார். பிறகு ஊறுகாய் கேட்டார். சமையல்காரர் மினோர் ஒரு பெரிய சூப்புச் சட்டியைத் தூக்கி வந்து மேசையில் நங்கென்று வைத்தார். உள்ளே வினிகரில் மிதந்தன கேரட்டும் காலிஃப்ளவரும் மிளகாயும்.

"ஊறுகாய் இங்க எப்பவும் சூப்புச் சட்டியிலதான் இருக்குமா, மினோர்?"

"அதை ஏன் கேக்கறீங்க தோன்யா" என்று ஆரம்பித்த மினோர், சுற்றிலும் பார்த்துவிட்டுக் குனிந்து அவர் காதில் புலம்பினார். எனக்குக் கேட்கவில்லை. அவர் போனதும் நான் நாற்காலியை இழுத்துக்கொண்டு நெருங்கினேன்.

"மினோர்தானே திருடன்? எனக்கு அப்பவே தெரியும். மீனுக்கு உப்பே போடல பாருங்க, குற்ற உணர்ச்சி."

"வாளி யாருதுன்னு தெரிஞ்சுது. யார் எடுத்தாங்கன்னும் தெரிஞ்சுது."

"யாரு?"

"மாங்காய் இன்னும் இருக்கா?"

இதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காத குணம். பையைப் பிரித்துக் கொடுத்தேன்.

"ஆனா அந்த ஆளுக்கு ஒண்ணும் கிடைக்கல, ஓல்மன். குஞ்சு கிடைச்சிருந்தா வாளியைப் புதர்ல வீசிட்டுப் போவாங்களா? அந்தக் குழி ஒண்ணுலயாவது முட்டை இருந்திருந்தா ஓட்டுத் துண்டு கிடக்கும், நண்டு மொய்க்கும். சுத்தமா இருந்துச்சு. அங்க முட்டை எப்பவுமே இருந்ததில்ல."

"அப்போ மச்சான் பொய்யான இடத்தைச் சொல்லிட்டு, நிஜ இடத்திலேருந்து எடுத்துட்டுப் போயிட்டார்." சொல்லும்போதே என் குரல் உடைந்தது. "மாட்டிக்கிட்டார் தோன்யா. நான் அக்கா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"அழாதீங்க, மேசையெல்லாம் ஈரமாகுது. காவலர் வந்தா முதல்ல உங்க மச்சான் வீட்டு விலாசம் கேப்பார். அதையாவது ஒழுங்கா சொல்லுங்க. என்ன விலாசம்?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னேன். "ஐஸ் பேக்டரியிலேருந்து கடல் பக்கமா நூறு வாரா, பச்சைச் சுவருக்கு எதிர் வீடு."

"ஹிமெனெஸ்ல ஐஸ் பேக்டரி எங்க இருக்கு?"

"இல்ல. அது எரிஞ்சு போச்சே. நான் பொறக்கறதுக்கும் முன்னால."

"பச்சைச் சுவர்?"

"அதுக்கு மஞ்சள் அடிச்சுட்டாங்க. ஆனா பச்சைச் சுவர்னு சொன்னாத்தான் எல்லாருக்கும் தெரியும். இதையெல்லாம் ஏன் கேக்கறீங்க? நீங்களே உங்க வீட்டை 'செத்துப்போன டாக்டர் வீட்டுக்குப் பின்னாடி'ன்னுதானே..."

வாய்க்குப் போன மாங்காய் வழியிலேயே நின்றது. தோன்யா சுலாய் என்னையே பார்த்தார். டிக்கெட் இல்லாதவனைக் கண்டுபிடித்த பார்வை.

"எழுந்திருங்க."

"நான் இன்னும் சாப்பிடவே..."

"எழுந்திருங்க ஓல்மன்! நாம இவ்வளவு நேரம் எந்த வாதாம் மரத்தைப் பார்த்துக்கிட்டிருந்தோம்?"

"அங்க நிக்குதே, அதை."

"நிக்கறதை வெச்சு நம்ம ஆளுங்க என்னிக்கு வழி சொல்லியிருக்காங்க?"

முகாமிலிருந்து ஆற்றுமுகத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் அவர் கிட்டத்தட்ட ஓடினார். கடற்கரை மேட்டை ஒட்டி, கயிறு பிடித்தமாதிரி நேராகப் போகிற பாதை அது. நான் மூச்சு வாங்கிக்கொண்டே பின்னால் போனேன். ஓரிடத்தில் பாதை வளைந்தது, நானும் வளைந்தேன். மறுபடி நேரானது, நானும் நேரானேன்.

"நில்லுங்க. இப்ப என்ன பண்ணினீங்க?"

"நடந்தேன்."

"எதைச் சுத்தி நடந்தீங்க?"

திரும்பிப் பார்த்தேன். வெறும் மணல், கொஞ்சம் கொடி, ஒன்றிரண்டு நண்டு. சுற்றிப் போக அங்கே ஒன்றுமே இல்லை. ஆனால் பாதை மட்டும் பெரிய அரைவட்டமாக அந்த ஒன்றுமில்லாததைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. எல்லோரும் எப்போதும் அப்படியே நடந்திருக்கிறார்கள். மனிதர்கள் மட்டுமில்லை, ஒரு டேப்பிரின் குளம்புத் தடமும் அதே வளைவில் மரியாதையாகத் திரும்பியிருந்தது.

"நேரா போகக் கூடாதா என்ன? இப்பப் பாருங்க" என்று நான் வளைவை வெட்டி நடுவில் நடந்தேன். மூன்றாவது எட்டில் பெருவிரல் எதிலோ மோதியது. நட்சத்திரம் தெரிந்தது. குப்புற விழுந்தேன்.

தோன்யா சுலாய் என்னைத் தூக்கிவிடவில்லை. முழங்காலிட்டு மணலைக் கையால் தள்ளினார். உளுத்துப்போன அடிமரம் வட்டமாகத் தெரிந்தது. என்னைப்போல் இரண்டு பேர் கைகோத்தாலும் கட்ட முடியாத அளவு.

"வணக்கம் ஐயா, வாதாம் மரம்" என்றார் அவர். "என்னிக்கோ ஒரு பெரிய கடல் கொந்தளிப்புல விழுந்திருக்கு. உங்க மச்சான் இந்தக் கரையில பொறந்தவர். அவருக்கு வாதாம் மரம்னா இதுதான். முகாம் எதிர்ல நிக்கறது அவருக்கு வெறும் மரம். எண்ணுங்க, பெரிய எட்டா வெச்சு."

நொண்டிக்கொண்டே எண்ணினேன். இருபத்தைந்தாவது எட்டை வைக்கப் போனபோது அவர் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்.

எதிரே மணல் கிண்ணம்போல் லேசாக உள்வாங்கியிருந்தது. யாரும் தோண்டாத, குத்தாத மணல். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிண்ணத்தின் ஓரத்திலிருந்து மணல் பொலபொலவென்று உள்ளே சரிந்தது. கீழே ஏதோ அசைகிறது.

"உள்ள இருக்கு" என்றேன். "தோன்யா, எல்லாம் உள்ளதான் இருக்கு! மச்சான் எடுக்கல!"

சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த முறை அவர் கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

திரும்பி வந்தபோது வானம் கறுத்திருந்தது. தூரத்தில் வனக்காவலரின் படகு ஒரு புள்ளியாகத் தெரிந்தது. யோர்லேனி கரையில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தோன்யா சுலாய் அவர் பக்கத்தில் போய் நின்று, அவரும் கடலைப் பார்த்தார்.

"துணி ஊறிடுச்சா, தோன்யா யோர்லேனி?"

"எந்தத் துணி?"

"ஊறவைக்கணும்னு நேத்து மினோர்கிட்ட ஊறுகாய் வாளியை வாங்கிட்டுப் போனீங்களே. அந்தத் துணி."

யோர்லேனியின் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கோ வாய் பிளந்துவிட்டது. எங்களைக் கூப்பிட்டவரே இவர்தானே! ரேடியோவில் அழுதவரும் இவர்தானே!

"அழுதது நிஜம்" என்றார் தோன்யா சுலாய், என் மனதில் ஓடியதைப் படித்ததுபோல. "அதுதான் என்னைக் குழப்பிடுச்சு. விடியகாலைல நீங்க போனபோது அங்க குழி எதுவும் இல்ல. நீங்கதான் தோண்டினீங்க. ஒண்ணும் கிடைக்கல. எலியேசர் எடுத்துட்டு ஓடிட்டார்னு நிஜமாவே நம்பி அழுதீங்க. ஆனா தோண்டினது நான்தான்னு சொன்னா முகாம் உரிமம் போயிடும். அதனால, தோண்டிப் போட்டிருந்துச்சுன்னு சொல்லிட்டீங்க. வாளி அப்பவே கையைவிட்டுப் புதருக்குள்ள போயாச்சு."

யோர்லேனி மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"பத்துப் பன்னிரண்டு குஞ்சை மட்டும் எடுத்து வெச்சு, டீச்சருங்க கண்ணு முன்னால பகல்ல விடலாம்னு நினைச்சேன். குஞ்சுங்க ராத்திரியில அதுபாட்டுக்கு வந்து போயிட்டா இவங்க என்னத்தைப் பார்ப்பாங்க? நிச்சயம்னு வாக்குக் குடுத்துட்டேனே. ஒரு குஞ்சுக்கும் கெடுதல் வரக் கூடாதுன்னுதான் அவ்வளவு பார்த்துப் பார்த்து... ஆனா அவர் மேல பழியைப் போட்டது பொய் இல்ல தோன்யா. அவர்தான்னு நான் நிஜமாவே..."

"முட்டை அங்கேயே இருக்கு. வாதாம் மரத்திலேருந்து இருபத்தஞ்சு வாரா. அவர் சொன்ன இடத்துலயே."

"மரத்துகிட்ட நான் பார்த்தேனே!"

"நிக்கற மரத்துகிட்ட பார்த்தீங்க."

ஒரு கணம் யோர்லேனி விழித்தார். அப்புறம் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ என் புத்தியே! எரேதியாவுல எங்க அம்மா வீடே 'பழைய சினிமாக் கொட்டகையிலேருந்து அம்பது வாரா'! அந்தக் கொட்டகையை நான் கண்ணால பார்த்ததே இல்ல! தினம் தினம் அந்த வளைவைச் சுத்திச் சுத்தி நடந்திருக்கேன், எதுக்குன்னு ஒரு நாள் கேக்கலையே!"

படகு பெரிதாகிக்கொண்டே வந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த உருவத்தின் தோள்களை வைத்தே எனக்கு மச்சான் என்று தெரிந்தது. தலை குனிந்திருந்தது.

"காவலர்கிட்ட நான் சொல்லலாம்" என்றார் தோன்யா சுலாய். "ஆனா அந்தப் படகுல உக்காந்திருக்கிறவர், அதை என் வாயால கேக்கறதைவிட உங்க வாயால கேக்கணும்."

யோர்லேனி படகு கரைக்கு வரும்வரை காத்திருக்கவில்லை. எழுந்தார். செருப்பை உதறினார். பாவாடையோடு கடலுக்குள் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் அலையோடு தள்ளாடிக்கொண்டு, காவலர், சமையல்காரர், ஆசிரியைகள் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார்.

"அவர் திருடல! நான்தான் தோண்டினேன்! தப்பான இடத்துல தோண்டிட்டு அவர் மேல பழி போட்டேன்! எலியேசர், என்னை மன்னிச்சிருங்க!"

தகோபெர்த்தோ மோட்டாரை அணைத்தார். "தோன்யா, நீங்க என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா? இதுக்கு உங்க முகாமுக்கு நோட்டீஸ் வரும்."

"வரட்டும்! முதல்ல அவரை இறக்கிவிடுங்க!"

மச்சான் இறங்கினார். பார்த்ததும் நான் பதறிப்போனேன். இடது கன்னம் பப்பாளி அளவுக்கு வீங்கியிருந்தது.

"அடிச்சீங்களா அவரை?" என்று காவலர் மேல் பாய்ந்தேன்.

"நான் ஏன் அடிக்கறேன்? கிடைச்சபோதே அப்படித்தான் இருந்தார்!"

தோன்யா சுலாய் மச்சானின் வாயோரம் எட்டிப் பார்த்தார். பஞ்சு நுனி சிவப்பாகத் தெரிந்தது. "கடைவாய்ப் பல்லா?"

மச்சான் தலையை ஆட்டினார்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. எதிரே சிறுத்தை வந்தாலும் இடத்தைவிட்டு நகராத மனிதர், ஊசியைக் கண்டால் மயங்கி விழுவார். அதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று ஒருவரிடமும் சொல்லாமல் ஹிமெனெஸுக்குப் போய்ப் பல்லைப் பிடுங்கியிருக்கிறார். திறந்தால் ரத்தம் வரும், சாயந்திரம்வரை வாயைத் திறக்காதே என்று பல் டாக்டர் சொல்லியிருக்கிறார். நல்ல பிள்ளையாக அவரும் திறக்கவில்லை.

"சரி, கூடு எங்க?" என்றார் தகோபெர்த்தோ.

மச்சான் எங்கள் ஊர் வழக்கப்படி உதட்டைக் குவித்துத் திசை காட்டினார். வீங்கிய உதடு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு கடலைக் காட்டியது. ஆசிரியைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் பைனாகுலரைக் கடலுக்குத் திருப்பினார்கள்.

அந்த நேரம் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் மழைக்குத் தூறிப் பழக்கமில்லை, கொட்டும். மச்சான் வானத்தைப் பார்த்தார். மணலில் கை வைத்துப் பார்த்தார். கண்ணை அகல விரித்துக்கொண்டு, ஆற்றுமுகத்தைப் பார்த்து ஓட ஆரம்பித்தார். நாங்கள் எல்லோரும் பின்னால் ஓடினோம். பாதை வளைந்த இடத்தில் எல்லோரும் வளைந்தோம்.

மழையில் மணல் குளிர்ந்திருந்தது. இரவு வந்துவிட்டதென்று உள்ளே இருந்தவர்கள் ஏமாந்துவிட்டார்கள் போலிருக்கிறது. கிண்ணத்தின் நடுவில் கறுப்பாக ஒரு மூக்கு தெரிந்தது. பிறகு ஒரு துடுப்பு. பிறகு மணல் கொதித்துப் பொங்குவதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு வெளியே வந்தன. உள்ளங்கை அளவு உடம்பு, முதுகில் வெள்ளை வெள்ளையாக ஏழு வரி. கொட்டுகிற மழையில், பட்டப்பகலில், கடலைப் பார்த்து நடந்தன.

மச்சான் இரண்டு கையையும் விரித்து ஆசிரியைகளைப் பின்னுக்குத் தள்ளினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் அவர்கள் வரிசையாக நின்றார்கள். மழை தலையில் கொட்டியும் ஒருவரும் நகரவில்லை. உயரமான ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கழுகுகள் நனைந்துகொண்டே வந்து இறங்கின. மச்சான் யோர்லேனியைப் பார்த்தார். கழுகுகளைக் காட்டினார். அவ்வளவுதான். யோர்லேனி மேல்சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு, "போங்க! நீங்கள்லாம் இங்கிருந்து போங்க!" என்று கத்தியபடி அவற்றைத் துரத்த ஓடினார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

தகோபெர்த்தோ பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். மச்சான் கை முழுக்க மணல். குனிந்து ஒரு நண்டை விரட்டிக்கொண்டிருந்தவர், கழுத்தை மட்டும் நீட்டினார். நான் வாங்கி மாட்டிவிட்டேன்.

"மச்சான்" என்றேன். மழைச் சத்தத்தில் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. "நான் உங்களைச் சந்தேகப்பட்டேன். காலையிலேருந்து பட்டேன். அக்காகிட்ட வேணா சொல்லுங்க, அடிக்கட்டும். ஆனா நீங்க என்னை மன்னிச்சிருங்க மச்சான்."

அவர் என்னையே வெறித்துப் பார்த்தார். கண் பெரிதாகிக்கொண்டே போனது. பஞ்சைத் துப்பினார். டாக்டர் சொன்னதையெல்லாம் மறந்து, ரத்தம் வழிய வாயைத் திறந்தார்.

"காலை எடுங்க!"

குனிந்து பார்த்தேன். என் பூட்ஸ் குதிகாலுக்கு ஒரு விரல் தள்ளி ஒரு குஞ்சு, எந்தப் பக்கம் சுற்றிப் போவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தது. இடது காலை மெல்லத் தூக்கினேன். அது அந்தக் காலடியில் புகுந்து போனது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னும் நிறைய வந்துகொண்டிருந்தன. கடைசிக் குஞ்சு தண்ணீரைத் தொடும்வரை நான் மழையில் ஒற்றைக் காலில் நின்றேன்.